தோற்றதற்கா, கொன்றதற்கா?

வந்தவாசியிலிருந்து திண்டிவனம் போகும் சாலையில் இருக்கிறது தெள்ளார். ஒன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இங்கே பாண்டியப் படையை முறியடித்தான் மூன்றாம் நந்திவர்ம பல்லவன். அந்த வெற்றியைப் பட்டமாகவும் சூடிக்கொண்டான். ‘தெள்ளாறெறிந்த நந்திவர்மன்’ என்றே கல்வெட்டுகள் அவனைக் குறிக்கின்றன. அடித்தது யார் என்று அன்றைக்கு யாரும் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. அடித்தவனே பெருமையாகச் சொல்லிக்கொண்டான்.

தன்மேல் பாடப்பட்ட நந்திக்கலம்பகம் என்ற நூலைக் கேட்பதற்காக அவன் சிதையில் அமர்ந்து உயிர்விட்டான் என்ற கதையைக் கேட்டு உருகாத தமிழர் குறைவு. வெறும் செவிவழிக் கதைதான், இருக்கட்டும். தெள்ளாற்றில் செத்துக் கிடந்த வீரனுக்கு அப்படிக்கூட ஒரு கதை கிடைக்கவில்லை.

சண்டையும் அதோடு ஓயவில்லை. பாண்டியன் சீமாறன் சீவல்லபன் குடமூக்கில், அதாவது இன்றைய கும்பகோணத்தில், திருப்பியடித்தான். அரிசிலாற்றங்கரையில் மறுபடியும் பல்லவர் கை ஓங்கியது. அடுத்த தலைமுறை திருப்புறம்பியத்தில் மோதிக்கொண்டது. முதலில் கை வைத்தது யார் என்று கேட்டிருந்தால் இரு தரப்பும் ஆளுக்கொரு பழைய கணக்கை எடுத்து நீட்டியிருக்கும்.

பக்கத்து வந்தவாசியில் 1760 ஜனவரி 22 அன்று ஆங்கிலத் தளபதி அயர் கூட்டிடம் பிரெஞ்சுத் தளபதி லாலி தோற்றார். இந்த லாலி 1758இல் கீழ்வேளூர் கோயிலில் புதையல் தேடியவர். அங்கிருந்த பிராமணர்கள் சிலரை ஒற்றர்கள் என்று சொல்லிப் பீரங்கி வாயில் வைத்துச் சுட்டவர். 1766இல் பாரிஸில் அவர் தலையை வெட்டினார்கள். கீழ்வேளூருக்காக அல்ல. இந்தியாவில் பிரான்சின் நலனைக் காட்டிக்கொடுத்தாராம்! தோற்றதுதான் குற்றம், கொன்றது கணக்கிலேயே வரவில்லை.

இன்று தெள்ளாரில் தறியோரம் சாத்திவைத்த செல்போனில் காஸா ஓடுகிறது. டீக்கடையில் அதே பழைய கேள்வி: “மொதல்ல ஆரம்பிச்சது யாரு?” ஒருவர் 1948 என்பார், இன்னொருவர் 2023 அக்டோபர் 7 என்பார். இந்தக் கேள்வி யாரையும் பொறுப்பாக்காது, எல்லோரையும் தப்பவிடும் என்பது என் கட்சி.

2018 மார்ச் 30 முதல் காஸா வேலியருகே நடந்த போராட்டங்களை ஐ.நா. ஆணையம் வேறு விதமாக விசாரித்தது. அந்த ஆண்டு முடிவுக்குள் அங்கே கொல்லப்பட்ட பாலஸ்தீனர் 189 பேர்; அவர்களில் 35 பேர் குழந்தைகள். யார், யாரை, எந்த நிலையில் சுட்டார் என்று ஒவ்வொரு சாவாகப் பார்த்து, இஸ்ரேலியப் படையினரைக் குற்றம்சாட்டியது. தீப்பட்டங்களைத் தடுக்காத ஹமாஸையும் விட்டுவைக்கவில்லை.

அக்டோபர் 7இல் ஹமாஸ் தாக்குதலில் ஏறத்தாழ 1,200 பேர் மாண்டார்கள். சுமார் 250 பேர் பணயக்கைதிகளானார்கள். அதன்பின் காஸாவில் இறந்தவர்கள் பல்லாயிரம். 2024 நவம்பர் 21 அன்று ஹேக் நகரிலுள்ள பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் இஸ்ரேல் பிரதமராக இருந்த நெதன்யாகு, அதன் முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் காலன்ட், ஹமாஸ் தளபதி முகமது தைஃப் மூவருக்கும் ஒரே நாளில் பிடியாணை பிறப்பித்தது. இஸ்ரேலின் ஆக்கிரமிப்பைக் காட்டி அக்டோபர் 7ஐக் கழித்துவிட முடியாது; அக்டோபர் 7ஐக் காட்டிக் காஸாவின் சாவுகளையும் கழித்துவிட முடியாது. நந்திவர்மன் காலத்தில் இப்படி ஒரு வழக்கை யாரும் நினைத்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

தைஃப் இறந்துவிட்டதால் அவர் மீதான வழக்கு முடிந்தது. நெதன்யாகு 2025 ஏப்ரலில் ஹங்கேரிக்குப் போனபோது அந்த அரசு அவரைக் கைது செய்யவில்லை. ராணுவ மரியாதையோடு வரவேற்றது, நீதிமன்றத்திலிருந்தே விலகுவதாகவும் அறிவித்தது. இந்தியா விலக வேண்டிய தேவையே இல்லை. நாம் அதில் சேரவே இல்லை.