பொலிஸ் நிலையத்துக்கும் சட்டத்தரணி வரலாம்

"பிள்ளையைப் பொலிஸ் கொண்டுபோட்டுது. இப்பவே லோயரைப் பிடிக்கிறதோ, கோட்டுக்குக் கொண்டுவரட்டும் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறதோ?" நீர்வேலியில் நான் சந்திக்கும் தாய்மார் பலர் இப்படிக் கேட்டிருக்கிறார்கள். கேட்டுவிட்டு, பெரும்பாலானோர் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். "லோயரோட போனால் குற்றத்தை ஒத்துக்கொண்ட மாதிரி" என்றார் யுத்தத்தில் கணவரை இழந்த ஒரு சகோதரி. முகாம் வாசல்களில் நாட்கணக்காக நின்று, "அப்படி ஒருவரையும் நாங்கள் பிடிக்கவில்லை" என்ற பதிலோடு திரும்பிய தலைமுறையின் பயம் அது. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் சட்டத்தரணி நீதிமன்றத்துக்கு மட்டும் உரியவரல்ல. உயர் நீதிமன்றத்தில் தாக்கலான அடிப்படை உரிமை மனு ஒன்றையடுத்து, 2012இல் பொலிஸ் மா அதிபர் விதிகளை வெளியிட்டார். அவற்றின்படி சட்டத்தரணி பொலிஸ் நிலையத்துக்கே வந்து தன் கட்சிக்காரருக்காகப் பேசலாம். பொறுப்பதிகாரி அவரை மரியாதையாக நடத்தி, அதற்கு இடமளிக்க வேண்டும்.

அந்த முதல் மணித்தியாலங்கள் ஏன் முக்கியம்? எங்களுக்குத் தூரமில்லாத சுன்னாகத்தில் 2011 நவம்பரில் பொலிஸார் ஓர் இளைஞரைக் கைது செய்தனர். அவருடைய சடலம் இரணைமடுக் குளத்தில் கிடைத்தது. சித்திரவதைக் குற்றத்துக்காக அந்தப் பொலிஸாருக்கு யாழ்ப்பாணம் மேல் நீதிமன்றம் பத்து வருடக் கடூழியச் சிறை விதித்தபோது 2017 ஆகிவிட்டது. 2023 நவம்பரில் வட்டுக்கோட்டைப் பொலிஸார் கைது செய்த சித்தங்கேணி இளைஞர் அதே மாதம் 19ஆம் திகதி இறந்தார். தான் தாக்கப்பட்ட விதத்தை அவரே சொல்லும் காணொளியைப் பலர் பார்த்திருப்பீர்கள். இரு இடத்திலும் சட்டத்தரணிகள் பிறகு நன்றாகவே வாதாடினார்கள். பிள்ளைகள்தான் திரும்பி வரவில்லை.

எல்லா இடத்திலும் இவ்வளவு கொடுமை நடப்பதில்லை. நான் அறிந்த ஒரு தாயின் பத்தொன்பது வயது மகனை, தோட்டத்து நீர்ப்பம்பி களவுபோன விடயத்தில் கொண்டுபோனார்கள். எந்தப் பொலிஸ் நிலையம் என்று எழுதவில்லை. எங்களுக்குத் தெரிந்த இளம் சட்டத்தரணி ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனோம். "கோட்டில வந்து கதையுங்கோ" என்றார்கள். அவர் சத்தம் போடவில்லை. 2012 விதிகளின் பிரதியை மேசையில் வைத்தார். பத்து நிமிடத்தில் உள்ளே விட்டார்கள். வாக்குமூலம் சிங்களத்தில் எழுதி, கையொப்பத்துக்குத் தயாராக இருந்தது. தமிழில் வாசிக்கச் சொன்னபோதுதான், பையன் சொல்லாத ஒரு வசனம் அதில் இருந்தது தெரிந்தது. அது திருத்தப்பட்டது. வாக்குமூலத்தை, கொடுத்தவருக்கு விளங்கும் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும், அதில் விளக்கம் சேர்க்கவும் விட வேண்டும் என்பது சட்டம். அந்தத் தாய்க்கு அது தெரியாது. யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

இந்த உரிமை இன்னும் பலவீனமானதுதான். கைதானவர் தன் விருப்பத்துக்குரிய சட்டத்தரணியைக் கலந்தாலோசிக்கலாம் என்று இந்திய அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை நேரடியாகச் சொல்கிறது. எங்கள் அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை நீதிமன்ற விசாரணைக்குத்தான் சட்டத்தரணியைக் குறிப்பிடுகிறது. வாக்குமூலம் எடுத்து முடியும்வரை சட்டத்தரணியைச் சந்திக்க விடாத ஒரு சட்டமூலம் 2016இல் வந்தது. சட்டத்தரணிகளும் மனித உரிமைகள் ஆணைக்குழுவும் எதிர்த்ததால் அது சட்டமாகவில்லை. பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் சட்டத்தரணியைச் சந்திக்கும் உரிமை 2022 திருத்தத்தில்தான் எழுத்தில் வந்தது. 1979இல் வந்த சட்டம் அது. இடையில் எத்தனை பேர் விளங்காத மொழியில் கையொப்பமிட்டார்கள் என்பது இதை வாசிக்கும் உங்களில் பலருக்குத் தெரியும்.

வீட்டில் ஒருவரைக் கொண்டுபோனால், எந்தப் பொலிஸ் நிலையம், எத்தனை மணி, என்ன காரணம் என்று கேட்டு உடனே எழுதி வையுங்கள். காரணத்தைச் சொல்வது அவர்கள் கடமை. சாதாரணக் குற்றமென்றால், பயண நேரம் போக 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் கொண்டுவர வேண்டும். போதைப்பொருள் போன்ற சில வழக்குகளில் நீதவானின் உத்தரவோடு கூடுதல் நாள் வைத்திருக்கலாம். தனியே போகாதீர்கள். சட்டத்தரணிக்குக் காசில்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண நிலையத்தில் கேளுங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கென்றே 1978இல் அமைக்கப்பட்டது அது. அடித்தார்கள், மறைத்தார்கள் என்றால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். பிள்ளையைப் பார்க்க விட்டால், முதலில் சொல்ல வேண்டியது: "தமிழில வாசிச்சுக் காட்டாமல் ஒண்டிலயும் கையெழுத்து வைக்காதை."