பெல்மாண்ட், லைம் ரீஜிஸ்

பெல்மாண்ட் என்பது இங்கிலாந்தின் தென்கரையில், டோர்செட் கவுண்டியைச் சேர்ந்த லைம் ரீஜிஸ் என்ற சிற்றூரில் உள்ள 18ஆம் நூற்றாண்டு வீடு. கடலைப் பார்த்த மேட்டில் நிற்கிறது. செயற்கைக்கல் உற்பத்தியாளர் எலினர் கோட், நாவலாசிரியர் ஜான் ஃபவுல்ஸ் ஆகியோர் வெவ்வேறு காலங்களில் இதன் உரிமையாளர்களாக இருந்தனர். லேண்ட்மார்க் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை 2007இல் இதை வாங்கிப் புதுப்பித்து, 2015 முதல் விடுமுறைக்கு வருவோருக்கு வாடகைக்கு விடுகிறது.

எலினர் கோட்

எலினர் கோட் 1733இல் எக்ஸீட்டர் நகரில் பிறந்தவர். 1769இல் லண்டனின் லாம்பெத் பகுதியில் இயங்கிய செயற்கைக்கல் தொழிலைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். கடைசிவரை மணம் செய்துகொள்ளவில்லை. எனினும் தொழில் நடத்தும் பெண்களுக்கு அன்று வழங்கிய மரியாதைப்படி ‘திருமதி கோட்’ என்றே அழைக்கப்பட்டார்.

கோட் கல் உண்மையில் கல் அல்ல, சுட்ட மண். களிமண்ணுடன், ஏற்கெனவே சுட்டு அரைத்த மண், தீக்கல், மணல், கண்ணாடித்தூள் ஆகியவற்றைக் கலந்து அச்சில் அழுத்தி, சூளையில் நான்கு நாட்கள் சுடுவார்கள். சுடும்போது சுருங்கும் என்பதால் அச்சைச் சற்றுப் பெரிதாகவே செய்ய வேண்டும். மழையும் பனியும் இதை எளிதில் அரிப்பதில்லை. அவர் இறந்த பிறகு, 1837இல் இதே கல்லில் செய்யப்பட்ட சிங்கம் ஒன்று வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தின் முனையில் இன்றும் கூர்மை குறையாமல் நிற்கிறது.

பெல்மாண்ட் 1784இல் அவருடைய சித்தப்பா சாமுவேல் கோட் வழியாக அவருக்கு வந்தது. வீட்டின் முகப்பைத் தன் ஆலையில் செய்த அலங்காரங்களால் அவர் நிரப்பினார். வாசலுக்கு மேல் கடல் தெய்வம் நெப்டியூனின் தலை உள்ளது. விற்பனைப் பட்டியலைச் சுவரில் பதித்ததுபோல் இருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது. கடல் குளியல் உடலுக்கு நல்லது என்ற நம்பிக்கை பரவி, வசதியுள்ளோர் கரையோரம் ஓய்வு வீடு தேடிய காலம் அது. ஆகவே, விடுமுறை இல்லம் என்பது பெல்மாண்டுக்குப் புதிய வேடம் அல்ல.

பின்னாளைய உரிமையாளர்கள்

1880களில் இங்கு வாழ்ந்த மருத்துவர் ரிச்சர்ட் பேங்கே வானியலில் ஆர்வம் கொண்டவர். தொலைநோக்கிக்காகச் சுழலும் கூரையுடன் ஒரு கோபுரத்தை அவர் கட்டினார்.

ஃபவுல்ஸ் 1968இல் இங்கு குடியேறி 2005இல் இறக்கும்வரை வாழ்ந்தார். 1969இல் வெளிவந்த ‘தி ஃபிரெஞ்சு லெஃப்டினன்ட்ஸ் உமன்’ நாவலில், ஊரின் பழைய அலைதடுப்புச் சுவரான ‘காப்’ முக்கிய இடம் பெறுகிறது. அந்நாவல் முழுவதும் பெல்மாண்டில் எழுதப்பட்டதாகக் கருதுவது சரியல்ல. அதன் முதல் வரைவை அவர் முன்பு வசித்த அண்டர்ஹில் பண்ணை வீட்டில் எழுதினார்.

புதுப்பிப்பு

மூவர் மாற்றி மாற்றி வாழ்ந்த வீட்டை யாருடைய காலத்துக்குத் திருப்புவது? லேண்ட்மார்க் டிரஸ்ட் கோட்டின் காலத்தைத் தேர்ந்தது. பிற்காலத்தில் ஒட்டிக் கட்டிய பகுதிகள் இடிக்கப்பட்டு, அளவான பழைய வீடு வெளிப்பட்டது. பேங்கேயின் கோபுரம் மட்டும் விதிவிலக்காகக் காப்பாற்றப்பட்டுச் சீரமைக்கப்பட்டது. கட்டடக்கலை நோக்கில் இது நியாயமான முடிவே. ஆனால் இழப்பும் உண்டு: இடிக்கப்பட்டவை ஃபவுல்ஸ் அறிந்த வீட்டின் பகுதிகள். அவருடைய வீட்டைத் தேடி வரும் வாசகர் காண்பது பெரும்பாலும் கோட்டின் வீட்டையே.

இந்த அறக்கட்டளையை 1965இல் ஜான் ஸ்மித், கிறிஸ்டியன் ஸ்மித் தம்பதியர் தொடங்கினர். அழியும் நிலையிலுள்ள பழைய கட்டடங்களை மீட்டு, முழு வீட்டையும் ஒரே குழுவுக்குச் சில நாட்கள் வாடகைக்கு விடுவது இதன் முறை. உணவு விடுதிச் சேவை கிடையாது, தொலைக்காட்சியும் வைப்பதில்லை. தங்குவோர் தங்கள் அனுபவத்தை எழுத ஒரு பதிவேடு இருக்கும். கட்டடத்தின் பராமரிப்புச் செலவு வாடகையிலிருந்தே வருகிறது. பெல்மாண்டில் ஒரே சமயத்தில் 8 பேர் தங்கலாம்.