ரிமோட் காருக்கு பெட்ரோல் போடலாமா? வாங்கும் முன் உஷார்!

பேட்டரியில் ஓடும் பொம்மை கார் எல்லோருக்கும் தெரியும். நிஜ என்ஜினோடு, புகை விட்டு 'டர்ர்...' என்று பறக்கும் ரிமோட் காரும் உண்டு. இதை வாங்க ஆசைப்படுபவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது எரிபொருள்!

எல்லாவற்றையும் 'பெட்ரோல் கார்' என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் சின்ன கார்களில் பலவும் 'நைட்ரோ' ரகம். மெத்தனால், நைட்ரோமீத்தேன், ஆயில் கலந்த தனி எரிபொருளில்தான் ஓடும். பங்க் பெட்ரோலை ஊற்றினால் ஒழுங்காக ஓடாது, என்ஜினும் கெட்டுப்போகும். மெத்தனால் விஷம். குழந்தைகள் கைக்கு எட்டக்கூடாது.

அசல் பெட்ரோல் கார் பெரிசு. நிஜ காரில் 5-ல் ஒரு பங்கு அளவு, சுமார் 10 கிலோ எடை. என்ஜின் பெரும்பாலும் 23 முதல் 30 சி.சி. பழைய டூ ஸ்ட்ரோக் ஆட்டோ மாதிரி பெட்ரோலில் ஆயில் கலக்கணும். கம்பெனி புத்தகத்தில் 25-க்கு 1 என்று இருந்தால், லிட்டருக்கு 40 மில்லி. மறந்தால் பிஸ்டன் ஜாம்... போட்ட காசு போச்சு!

புது என்ஜினை முதல் சில டேங்க் மெதுவாகத்தான் ஓட்டணும். மண்ணில் ஓட்டினால் ஏர் பில்டரை மறக்காமல் சுத்தம் செய்யணும்.

'பெயில்சேப்' வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்க. சிக்னல் அறுந்தால் என்ஜின் வேகத்தை குறைத்து பிரேக் போடுவது அதுதான். 60 கி.மீ. வேகத்தில் 10 கிலோ வண்டி மோதினால் கால் எலும்பே முறியலாம். ஆன் செய்யும்போது ரிமோட் முதலில்; ஆப் செய்யும்போது ரிமோட் கடைசியில்.

தெருவில் வேண்டாம். ஆள் இல்லாத மைதானம்தான் இதற்கு இடம்!