ஒரே ஒரு வாட்டில் என்னவெல்லாம் நடக்கும், தெரியுமா?

ஆடி மாதம் விக்கிரவாண்டியைச் சுற்றியுள்ள ஊர்களில் கூழ் ஊற்றுகிற நாளில், மைக் செட்காரர் வேப்பமரத்தில் கட்டிவிட்ட புனல் பாட ஆரம்பித்தால் வயல்வெளி தாண்டி அடுத்த ஊருக்கே சேதி போய்விடும். அந்தப் புனலின் பின்னால் திருகியிருக்கும் யூனிட் ஒரு கையில் அடங்கும் அளவுதான். அவ்வளவு சின்னப் பொருளுக்கு இவ்வளவு பெரிய தொண்டை எப்படி வந்தது? விடையைக் கேட்டால் அசந்துபோவீர்கள். லட்சக்கணக்கில் விலை போகும் சில ஹைஃபை ஸ்பீக்கர்களுக்குள் இருப்பதும் இதே வித்தைதான்!

மாடியில் பாட்டுக் கேட்கவென்றே ஓர் அறை ஒதுக்கி வைத்திருப்பவர்களும், பழைய ஸ்பீக்கரை மாற்ற நினைப்பவர்களும் கடைக்குப் போவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

முதல் ஆச்சரியம் வாட்ஸ். கடையில் எல்லோரும் கேட்பது "எத்தனை வாட்ஸ்?" என்றுதான். ஆனால் வீட்டில் இருக்கும் சாதாரண ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபையர் கொடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவை ஒலியாக மாற்றுகிறது தெரியுமா? நூற்றில் அரைப் பங்குகூட இல்லை! 88 டெசிபல் சென்சிடிவிட்டி உள்ள பெட்டி சுமார் 0.4 சதவீதத்தைத்தான் ஒலியாக்குகிறது. மீதி கிட்டத்தட்ட அத்தனையும் ஸ்பீக்கருக்குள் இருக்கும் காயிலில் சூடாகக் கரைகிறது. 92 டெசிபல் இருந்தால்தான் ஒரு சதவீதத்தையே தொட முடியும்.

சென்சிடிவிட்டி என்பது வேறொன்றுமில்லை. ஸ்பீக்கருக்கு ஒரு வாட் கொடுத்து, ஒரு மீட்டர் தள்ளி நின்று அளந்தால் வருகிற டெசிபல் எண். இந்த எண்ணில் 3 கூடினால் அதே சத்தத்துக்குப் பாதி வாட் போதும். 10 கூடினால் பத்தில் ஒரு பங்கு போதும். 88 டெசிபல் பெட்டிக்கு 100 வாட் கொடுத்து வாங்கும் சத்தத்தை, 100 டெசிபல் பெட்டி ஆறேகால் வாட்டில் கொடுத்துவிடும்! நாலைந்து பேர் உட்காரும் அறையில் தவிலின் ஓங்கிய அடி நன்றாக உரக்க ஒலிக்க, இப்படிப்பட்ட ஒரு ஜோடிக்குச் சில வாட் இருந்தாலே போதும்.

அந்தத் தவில் அடியில் இன்னொரு ரகசியமும் இருக்கிறது. செப்புக் காயில் சூடாகச் சூடாக அதன் மின்தடை ஏறும். வெப்பம் 100 டிகிரி கூடினால் தடை ஏறக்குறைய 40 சதவீதம் கூடிவிடுகிறது, சத்தத்தில் சுமார் 3 டெசிபல் குறைகிறது. பாட்டு ஓங்கும் நேரத்தில்தான் ஸ்பீக்கர் சோர்ந்துபோகிறது! சென்சிடிவிட்டி உயர்ந்த பெட்டிக்கு இந்தச் சூடு அவ்வளவாக ஏறுவதில்லை. நாகஸ்வரமும் தவிலும் பறையும் கேட்டு வளர்ந்த நம் காதுக்கு இது எவ்வளவு பெரிய வரம்!

குறைந்த வாட்டில் பெரிய சத்தம் என்ற இந்த வித்தை எங்கிருந்து வந்தது தெரியுமா? வாட்ஸ் பஞ்சத்திலிருந்து! 1915 டிசம்பர் 24 அன்று சான் ஃபிரான்சிஸ்கோ நகர மண்டபத்தின் முன் திரண்ட பெருங்கூட்டத்துக்கு ஜென்சன், பிரிதம் என்ற இருவர் ஒலிபெருக்கியில் பாட்டும் பேச்சும் கேட்க வைத்தார்கள். அவர்கள் நம்பியது புனலைத்தான். 1931 அக்டோபர் 31 அன்று முதல் தமிழ் பேசும் படமான 'காளிதாஸ்' வெளிவந்த காலத்திலும், வால்வு ஆம்ப்கள் கொடுத்தது சொற்ப வாட்ஸ்தான். வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் புகழ்பெற்ற 300பி வால்வு ஒன்றிலிருந்து கிடைப்பது சுமார் 8 வாட். அதை வைத்து ஒரு தியேட்டரையே நிரப்ப வேண்டுமென்றால் ஸ்பீக்கர் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்திருக்க வேண்டும்! அதே 300பி-க்கு இன்றும் உலகெங்கும் பித்துப்பிடித்த ரசிகர்கள் இருக்கிறார்கள். உயர் சென்சிடிவிட்டி ஸ்பீக்கருக்கு இவ்வளவு மதிப்பு இருப்பதற்கு அவர்களும் ஒரு காரணம்.

புனல் என்ன செய்கிறது? யூனிட்டின் சின்னத் தகடு நேராக வெளிக்காற்றைத் தள்ளினால் காற்று விலகிக்கொள்ளும், உந்துதல் வீணாகும். புனலின் இடுக்கமான கழுத்தில் காற்று தப்ப முடியாது. அழுத்தம் முழுக்க ஏறி, படிப்படியாக விரிந்து, வாய் வழியே வெளியுலகோடு கலக்கிறது. வாய் விரிந்துகொண்டே போகும் குழாயின் பலம் நமக்குப் புதிதல்ல. விக்கிரவாண்டியில் பிரியும் தஞ்சாவூர் சாலையில் கும்பகோணம் வரை போய்க் கொஞ்சம் கிழக்கே திரும்பினால், 2022-இல் நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு பெற்ற நரசிங்கம்பேட்டை வந்துவிடும். அந்த ஊர் ஆச்சா மர நாகஸ்வரத்தின் விரிந்த வாயான அணைசைப் பாருங்கள்!

அப்படியென்றால் மைக் செட் புனலில் ஏன் பாஸ் வரவில்லை? இங்கேதான் அளவு வந்து நிற்கிறது. 40 ஹெர்ட்ஸ் வரை இறங்க வேண்டுமென்றால் புனலின் வாய் சுமார் 9 அடி விட்டம் இருக்க வேண்டும். ஒன்பது அடி! வீட்டுக்குள் அதை எப்படி வைப்பது? அமெரிக்காவில் அர்கன்சாஸ் மாநிலத்தின் ஹோப் என்ற சிற்றூரில் பால் கிளிப்ஷ் என்ற பொறியாளர் 1940-களில் ஒரு வழி கண்டார். புனலை மடித்து மரப்பெட்டிக்குள் வைத்தார். பெட்டியை அறையின் மூலையில் தள்ளினார். மூலையின் இரண்டு சுவர்களும் புனலின் மிச்ச வாயாக மாறிவிட்டன! அந்தக் கிளிப்ஷ்ஹார்ன் இன்றும் விற்பனையில் இருக்கிறது. நிறுவனம் சொல்லும் சென்சிடிவிட்டி 105 டெசிபல்.

இதற்கு ஒரு சட்டமே உண்டு. சின்னப் பெட்டி, ஆழமான பாஸ், உயர் சென்சிடிவிட்டி என்ற மூன்றில் ஏதாவது இரண்டுதான் கிடைக்கும். இதை ஹாஃப்மனின் இரும்புச் சட்டம் என்கிறார்கள். அந்த ஆண்டன் ஹாஃப்மன் யார் தெரியுமா? உலகப் புகழ்பெற்ற பியானோ மேதை யோசஃப் ஹாஃப்மனின் மகன்! 1957-இல் தொடங்கிய கேஎல்ஹெச் ஸ்பீக்கர் நிறுவனத்தின் பெயரில் 'ஹெச்' அவர்தான். சின்னப் பெட்டி, பெரிய பாஸ், 98 டெசிபல் என்று ஒரே அட்டையில் மூன்றையும் யாராவது போட்டிருந்தால் நம்பாதீர்கள்.

நம் ஊர்க்காரர்கள் சும்மா இருந்தார்களா? டீக்கடையிலும் வீட்டிலும் மண்பானையின் வாயில் ஸ்பீக்கரைப் பொருத்திப் பாட்டுக் கேட்ட தலைமுறை நம்முடையது. ஸ்பீக்கர் கோனின் முன்பக்க அலையும் பின்பக்க அலையும் சேர்ந்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பானை பின்பக்க அலையைப் பிடித்து வைத்துக்கொண்டது. வளைந்த உடம்பு என்பதால் பலகைபோல அதிரவும் இல்லை. என்னைக் கேட்டால் அது உண்மையான பொறியியல், மியூசியத்தில் வைக்க வேண்டிய பொருள்.

கொச்சியிலேயே உயர் சென்சிடிவிட்டி ஸ்பீக்கர் செய்து உலக ரசிகர்களை எட்டியிருக்கிறார் ஒருவர், தெரியுமா? ஜேக்கப் ஜார்ஜ், ஒரு கட்டடக் கலைஞர். அவருடைய நிறுவனத்தின் பெயர் ரெதம். இங்கிலாந்தின் லோதர் யூனிட்களில் தொடங்கி, பிறகு சொந்த யூனிட்களுக்கு வந்தார். பெரும்பகுதி ஒலியையும் ஒரே யூனிட் பாடுகிறது. அடிப் பாஸுக்கு மட்டும் பெட்டிக்குள் தனி ஆம்ப். இரும்புச் சட்டத்தோடு சண்டை போடாமல் சமாளித்த அழகு இது. சாதனா, மார்கா, த்ரிஷ்ணா என்று மாடல்களுக்குப் பெயர் வேறு!

சரி, நீங்கள் எப்படித் தேர்ந்தெடுப்பது?

அட்டையில் "2.83 வோல்ட்" என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது சரியாக ஒரு வாட். 4 ஓம் ஸ்பீக்கருக்கோ அது இரண்டு வாட்! அங்கே போட்டிருக்கும் 93, உண்மையில் 90. வால்வு ஆம்ப் வைத்திருப்பவர்கள் ஓம் எண் எந்த இடத்திலும் மிகத் தாழாத ஸ்பீக்கராகப் பார்த்து எடுங்கள். உங்கள் ஆம்ப்பில் மெல்லிய 'உஸ்' சத்தமோ கரண்ட் இரைச்சலோ இருந்தால் 100 டெசிபல் ஸ்பீக்கர் அதையும் உரக்கச் சொல்லும். எர்த்திங்கை முதலில் சரிபாருங்கள்.

பழைய ஸ்பீக்கர் ஏன் கெட்டது என்றும் பாருங்கள். பெரும்பாலும் கோனைச் சுற்றியுள்ள ஃபோம் விளிம்பு உதிர்ந்திருக்கும். மரக்காணம் பக்கத்திலிருந்து வரும் கடற்காற்றின் ஈரத்தில் அது இன்னும் சீக்கிரம் பொடியாகும். விளிம்பை மட்டும் மாற்றினால் பிழைக்கும் ஸ்பீக்கரைத் தூக்கி எறிய வேண்டாம். புதிது வாங்கினால், மருந்து பூசிய துணி விளிம்பு உள்ள யூனிட்டாகத் தேடுங்கள். உயர் சென்சிடிவிட்டி மேடை யூனிட்கள் பலவற்றில் அதுதான் இருக்கிறது, பல பத்தாண்டு தாங்கும்.

அறை இன்னும் பெரிய ஆச்சரியம். மேலைநாட்டு வீடுகளின் ஜிப்சம் பலகைச் சுவர் வழியே பாஸ் கசிந்து வெளியேறும். நம் செங்கல் சுவரும் கான்கிரீட் தளமும் அதை அப்படியே உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும். பதினாறு அடி நீள அறை, நம் வெயில் நாளில் சுமார் 36 ஹெர்ட்ஸில் தானாகவே உறுமும். வெளிநாட்டில் "பாஸ் கொஞ்சம் குறைவு" என்று பெயர் வாங்கிய பெட்டி இங்கே அளவாக ஒலிக்க நிறைய வாய்ப்பு உண்டு! அதனால் பாஸ் ஆசையில் சென்சிடிவிட்டியை விட்டுக்கொடுக்காதீர்கள். கிளிப்ஷ் ஹெரெசி போன்ற 99 டெசிபல் பெட்டி சுவரோரம் அடக்கமாக உட்கார்ந்துகொள்ளும். மூலைக்கு மூலை பெரிய பெட்டி வைக்க இடமிருந்தால் அந்த அதிர்ஷ்டத்தை விடாதீர்கள். எதிர்ச்சுவருக்குத் தடித்த திரை, தரைக்கு ஜமக்காளம் கட்டாயம்.

பக்கத்து வீட்டுக்காரரையும் நினைவில் வையுங்கள். குடியிருப்புப் பகுதிக்குச் சட்டம் வகுத்த வரம்பு பகலில் 55 டெசிபல், இரவு பத்து மணிக்கு மேல் 45.

கடைக்குப் போகும்போது உங்களுக்கு அணு அணுவாகத் தெரிந்த ஒரு கச்சேரியை எடுத்துப் போங்கள். விற்பவரிடம் வாட்ஸ் கேட்காமல் சென்சிடிவிட்டியும் ஓமும் கேளுங்கள். முடிந்தால் உங்கள் அறைக்கே கொண்டுவந்து வைத்துக் கேட்டுவிட்டு, அதன் பிறகு பணம் கொடுங்கள்.