கை நனைக்கும் முன் விலை கேளுங்கள்
கடலோர ஊர்களுக்குக் கொள்முதலுக்குப் போகும் வணிகர்களுக்குச் சில யோசனைகள்

கொள்முதலுக்காக ஊர் ஊராகப் போய்வருவது நம் தொழிலில் தவிர்க்க முடியாத ஒன்று. காளவாசல் சந்திப்பில் நின்று பார்த்தாலே இது விளங்கும். மேற்கே போகும் சாலை உசிலம்பட்டி, தேனி, போடி, மூணாறு வழியாகக் கொச்சியில் போய் முடிகிறது. பைபாஸ் ரோட்டில் பழங்காநத்தம் பக்கம் போனால் தூத்துக்குடிச் சாலையைப் பிடித்துவிடலாம். மிளகுக்கும் சுக்குக்கும் மட்டாஞ்சேரி, உப்புக்குத் தூத்துக்குடி, முந்திரிக்கும் பாக்குக்கும் மங்களூர், அரிசிக்கும் பலசரக்குக்கும் பேர்போன கோழிக்கோடு வலியங்காடி என்று நம்மவர்கள் போகாத துறைமுக ஊர் இல்லை.

போன இடத்தில் வேலை முடிந்ததும் எல்லோருக்கும் வருகிற ஆசை ஒன்றுதான். கடல் பக்கத்தில் இருக்கிறது, நல்ல மீனாகச் சாப்பிட்டுவிட்டுப் போவோம் என்று தோன்றும். நியாயமான ஆசைதான். ஆனால் இதில் ஒரு வேடிக்கை உண்டு. மூட்டையில் குத்தூசி போட்டுப் பார்க்காமல் ஒரு குவிண்டால் துவரம் பருப்பு வாங்காத நம்மவர்கள், மீன் ஓட்டலுக்குள் போனதும் விலை கேட்பதில்லை, எடை பார்ப்பதில்லை, சரக்கைப் பார்ப்பதில்லை. நாலு பேர் முன்னால் விலை கேட்பது கௌரவக் குறைச்சல் என்று நினைத்து விடுகிறார்கள். பில் வந்தபிறகு முகம் மாறுகிறது. சில சமயம் மறுநாள் வயிறும் மாறுகிறது. ஒரு நாள் கொள்முதல் கெட்டால் லாரி வாடகை, அறை வாடகை, சந்தை விலை எல்லாம் சேர்ந்து எவ்வளவு நட்டம் என்று நமக்குத் தெரியும். ஆகவே சாப்பாட்டையும் ஒரு கொள்முதலாகவே நினைப்பது நல்லது.

முதலில் வியாபாரம், பிறகு விருந்து

போகும் ஊரில் நமக்குச் சரக்குத் தருகிற மண்டிக்காரரோ தரகரோ அன்போடு சாப்பிட அழைப்பார். மறுக்க வேண்டியதில்லை. ஆனால் விலை பேசி முடித்து, சாம்பிள் பார்த்து, எடைச் சீட்டு கைக்கு வந்தபிறகு போவதே முறை. நண்டும் இறாலும் பரிமாறிய கை மேசைக்கு எதிரே இருக்கும்போது கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைத்துக் கேட்க நம் வாய் வராது. பத்து டன் சரக்கில் கிலோவுக்கு இரண்டு ரூபாய் என்றால் இருபதாயிரம் ரூபாய். அவ்வளவு விலை உயர்ந்த சாப்பாடு எந்த நட்சத்திர ஓட்டலிலும் கிடையாது!

எந்த மாதம், எந்தக் கிழமை

புது மிளகாய், புதுப் புளி வரும் மாதம் நமக்கு மனப்பாடம். மீனுக்கும் அப்படி ஒரு நாட்காட்டி உண்டு. மீன் குஞ்சு பொரிக்கும் காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது என்று அரசு தடை விதிக்கிறது. தமிழ்நாட்டில் 2001-ல் இது 45 நாட்களாகத் தொடங்கி, 2017 முதல் 61 நாட்களாக நடைமுறையில் உள்ளது. கிழக்குக் கடற்கரையில், அதாவது சென்னை, நாகப்பட்டினம், ராமேசுவரம், தூத்துக்குடி பகுதிகளில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். மங்களூர் உள்ளிட்ட மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவு தொடங்கி ஜூலை 31 வரை 52 நாட்கள்.

தடைக்காலத்தில் மீனே கிடைக்காது என்பதில்லை. நாட்டுப்படகுகளும் வள்ளங்களும் கரையோரத்தில் பிடித்து வரும். மத்தி, நெத்திலி போன்ற சிறு மீன்கள் அப்போதும் புதிதாகக் கிடைக்கும். ஆனால் மே மாதம் தூத்துக்குடியில் ஓட்டல்காரர் பெரிய வஞ்சிரத் துண்டை வைத்தால், அது மேற்குக் கரையிலிருந்து ஐஸ் பெட்டியில் வந்ததாகவோ குளிர்பதனக் கிடங்கில் இருந்ததாகவோ இருக்கவே வாய்ப்பு அதிகம். ஜூலையில் கொச்சிக்குப் போனால் இதே கதை திசை மாறி நடக்கும். அந்த மாதங்களில் சிறு மீன் கேட்பதே புத்திசாலித்தனம். இறால் மட்டும் எந்த மாதமும் கிடைக்கிறதே என்று கேட்கலாம். 2009-ல் இந்தியாவில் அனுமதிக்கப்பட்ட வனாமி இறால் பண்ணைக் குட்டைகளில் வளர்கிறது. ஆந்திரத்திலிருந்து ஏராளமாக வருகிறது. அதில் தவறில்லை. ஆனால் அதைக் கடல் இறால் விலைக்கு வாங்கக் கூடாது.

கிழமையும் கவனிக்க வேண்டியதுதான். ராமேசுவரத்தில் விசைப்படகுகள் பெரும்பாலும் திங்கள், புதன், சனிக்கிழமைகளில் கடலுக்குப் போய் மறுநாள் காலை திரும்பும். தூத்துக்குடி திரேஸ்புரத்தில் ஆழ்கடலுக்குப் போன நாட்டுப்படகுகள் சனிக்கிழமை கரை சேர்வது வழக்கம். அன்று வரத்து அதிகம். ஞாயிறு கடலுக்குப் போகாத பழக்கம் உள்ள ஊரில் திங்கள் காலை 'இன்று வந்த மீன்' என்று சொன்னால் இரண்டாவது கேள்வி கேட்கலாம்.

ஒரே மீன், ஊருக்கொரு பெயர்

சரக்கின் பெயர் தெரியாமல் விலை பேச முடியாது. சென்னையில் வஞ்சிரம் என்பதைத் தூத்துக்குடியில் சீலா என்பார்கள். கன்னியாகுமரியிலும் கேரளத்திலும் அதுவே நெய்மீன், கோழிக்கோட்டில் அயக்கூறா, மங்களூரில் அஞ்சல். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. சென்னையில் சீலா என்று கேட்டால் தூத்துக்குடிக்காரர் ஊளி என்று சொல்லும் வேறு மீன் வரும். அதன் விலையும் வஞ்சிரத்தைவிடக் குறைவு. தூத்துக்குடிப் பழக்கத்தில் சென்னையில் 'சீலா' கேட்டுவிட்டு ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டை போடுவதில் பொருளில்லை.

நம் வாவல் மீன் கேரளத்தில் ஆவோலி, மங்களூரில் மாஞ்சி. மத்தியை நம் தென்கோடியில் சாளை என்பார்கள், மங்களூரில் பூத்தாய். அயிலை அல்லது கானாங்கெளுத்தி மங்களூரில் பங்குடை. கிழங்கான் அங்கே காணெ. நாம் கணவாய் என்று சொல்வதில் ஒரு வகைக்குக் கேரளத்தில் கூந்தல் என்று பெயர். கேரள அரசு 2010-ல் மாநில மீனாக அறிவித்த கரிமீன், காயலில் வளர்வது. அதைக் கடல் மீன் என்று எண்ண வேண்டாம்.

பெயரே சொல்லாமல் 'ஃபிஷ் ஃபிங்கர்', 'ஃபிஷ் சில்லி' என்று முள் இல்லாத வெள்ளைத் துண்டு வந்தால் அது பெரும்பாலும் பாசா போன்ற வளர்ப்பு மீனாக இருக்கும். அதற்காகக் கடற்கரை வரை போக வேண்டியதில்லை, மதுரையிலேயே கிடைக்கும்.

எடையும் விலையும்

பெரிய ஓட்டல்களின் பட்டியலில் சில மீன்களுக்கு எதிரே விலை இருக்காது. 'அளவுக்கேற்ப' என்றோ 'அன்றைய விலை' என்றோ போட்டிருக்கும். மீன் விலை தினமும் மாறுவதால் அதில் நியாயம் உண்டு. ஆனால் அந்த வரியைப் பார்த்ததும் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். கிலோ என்ன விலை? எடை சுத்தம் செய்வதற்கு முன்பா, பின்பா? சமையல் கூலி அதில் சேர்ந்ததா, தனியா?

நடுக் கேள்விதான் முக்கியம். தலையும் ஓடும் சேர்ந்த இறால் ஒரு கிலோ உரித்தபின் ஏறக்குறைய அரைக் கிலோ ஆகும். நண்டில் சதை கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தேறினால் அதிகம். கிலோ 600 ரூபாய் இறால் என்றால் நாம் உண்ணும் சதை கிலோ 1200 ரூபாய். நெல்லை அரைத்து அரிசிக் கணக்குப் போடத் தெரிந்த நமக்கு இது புரியாத கணக்கா? மீனைத் தட்டில் வைத்துக் காட்டும்போதே எடை போட்டுக் காட்டச் சொல்லுங்கள். கொச்சிக் கோட்டையில் சீனவலைகளுக்குப் பக்கத்தில் மீனை நாமே வாங்கி அருகிலுள்ள கடையில் சமைத்துத் தரச் சொல்லும் வழக்கம் உண்டு. அங்கேயும் மீன் விலையையும் சமையல் கூலியையும் தனித்தனியாகப் பேசி முடித்தபிறகே மீனைக் கையில் எடுக்க வேண்டும்.

இந்தத் தொல்லையெல்லாம் வேண்டாம் என்பவர்களுக்கு எளிய வழி மதியச் சாப்பாடு. மார்க்கெட்டுக்கும் துறைமுகத்துக்கும் பக்கத்தில் சுமை தூக்குவோரும் லாரி ஓட்டுநர்களும் கூட்டமாகச் சாப்பிடும் கடையில் மீன் குழம்புச் சாப்பாட்டுக்கு விலை நிச்சயம் செய்யப்பட்டிருக்கும். சரக்கு ஓடும் கடையில் பழைய சரக்கு தங்காது என்ற நம் தொழில் விதி அங்கேயும் செல்லும். இரவு பத்து மணிக்குக் காலியான ஓட்டலில் நண்டு கேட்பதைவிட, மதியம் ஒரு மணிக்கு வரிசையில் நின்று அயிலைக் குழம்பு சாப்பிடுவது மேல்.

உடம்புதான் முதல்

2018 ஜூன் மாதம் கேரள உணவுப் பாதுகாப்புத் துறை 'ஆபரேஷன் சாகர் ராணி' என்ற பெயரில் எல்லைச் சோதனைச் சாவடிகளில் நடத்திய சோதனையில், பிற மாநிலங்களிலிருந்து வந்த ஃபார்மலின் கலந்த மீன் டன் கணக்கில் பிடிபட்டது. பிணம் கெடாமல் வைக்கப் பயன்படும் இரசாயனம் அது. அதைக் கண்டுபிடிக்கும் எளிய சோதனைத் தாளைக் கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கியது. ஓட்டலில் நாம் சோதனைத் தாளோடு உட்கார முடியாது. ஆனால் மீனைக் காட்டும் இடத்தில் பார்க்க முடியும். கண் குழி விழாமல் பளிச்சென்றும் செவுள் சிவப்பாகவும் இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் சதை மேலெழும்ப வேண்டும். கடல் வாடை இருக்கலாம், அழுகல் வாடையோ மருந்து நெடியோ கூடாது. வாடையே இல்லாமல் விறைத்துக் கிடந்து, ஈயும் மொய்க்காத மீன் என்றால் சந்தேகப்படுங்கள்.

இன்னொன்றையும் அறிந்திருப்பது நல்லது. அயிலை, சூரை, மத்தி ஆகியவற்றைப் பிடித்த உடனே ஐசில் வைக்காவிட்டால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகும். பிறகு பொரித்தாலும் கொதிக்க வைத்தாலும் அது போகாது. சாப்பிடும்போது நாக்கில் சுருக்கென்று காந்தல் தெரியலாம். சிறிது நேரத்தில் முகம் சிவந்து, தலைவலி, அரிப்பு, படபடப்பு வரலாம். இதை மசாலாக் காரம் என்று தள்ளிவிடாமல் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

பில்லைப் படியுங்கள்

உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பில்லில் 14 இலக்கப் பதிவு எண் இருக்க வேண்டும். தனி ஓட்டல்களில் ஜி.எஸ்.டி. 5 சதவீதம். காம்பவுண்டிங் முறையில் உள்ள ஓட்டல் வரியைத் தனியாக வசூலிக்கக் கூடாது என்பது அதே முறையில் இருக்கும் நம் உறுப்பினர்களுக்கு நன்றாகத் தெரியும். 'சர்வீஸ் சார்ஜ்' என்று தானாகச் சேர்ப்பது கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-ல் அறிவித்தது. அது செல்லும் என்று டில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28-ல் தீர்ப்பளித்தது. பணிவாகச் சொன்னால் பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள். பரிமாறியவருக்கு நாம் மனமுவந்து கொடுப்பது வேறு விஷயம்.

நம் கடைக்கும் இதே கணக்கு

இத்தனையும் சொல்லும்போது ஒன்று உறுத்துகிறது. விலை எழுதாத பட்டியலைப் பார்த்து நமக்கு வருகிற எரிச்சல், விலைப் பலகை இல்லாத மளிகைக் கடையில் நிற்கும் குடும்பத் தலைவிக்கும் வரும். உதிரிச் சரக்கின் விலை தினமும் மாறுகிறது என்று நாம் சொல்வது உண்மைதான். ஓட்டல்காரர் மீனுக்குச் சொல்லும் சமாதானமும் அதேதான். எடையை நம் கண்ணெதிரே போடச் சொல்கிறோம். நம் தராசின் முகம் வாடிக்கையாளர் பக்கம் திரும்பியிருக்கிறதா? விலை கேட்கக் கூச்சப்பட்டு வாங்கிப் போகிறவர் ஏமாந்தவர் போலத்தான் வீடு சேர்வார். அடுத்த மாதம் வேறு கடைக்குப் போவார். நாமும் அந்த ஓட்டலுக்கு மறுபடி போகமாட்டோம் அல்லவா?

காலையில் கடை திறந்ததும் ஒரு பலகையில் அன்றைய துவரம் பருப்பு, உளுந்து, மிளகாய் விலையைச் சுண்ணாம்புக் கட்டியால் எழுதி வைக்க ஐந்து நிமிடம் போதும். வெளியூரில் நாம் எதிர்பார்க்கும் மரியாதையை உள்ளூரில் நம்மை நம்பி வருகிறவர்களுக்குச் செய்வோம்.