அருவிக்கு அழைப்பிதழ், ஆளுக்குக் கங்காணி!

சங்கரன்கோவிலிலிருந்து மேற்கே பாருங்கள் தோழர்களே, மலைத்தொடர் தெரியும். அந்த மலையைக் காசாக்கத் தெரிந்தவன் வெள்ளைக்காரன்!

1903-ல் நெல்லையிலிருந்து செங்கோட்டைக்கும், 1904-ல் மலையைக் குடைந்து புனலூருக்கும், 1927-ல் விருதுநகரிலிருந்து நம் ஊர் வழியே தென்காசிக்கும் ரயில் வந்தது. சவுத் இந்தியன் ரயில்வே கம்பெனி படம்போட்ட வழிகாட்டி நூல் அச்சிட்டது. கோயிலைக் காண வா, மலையைக் காண வா என்ற அழைப்பு அது. யாருக்கு? ஆங்கிலம் படித்த சீமானுக்கு!

நம் பாட்டனுக்கு அழைப்பிதழ் வரவில்லை, கங்காணி வந்தான். 1914-ல் பாம்பன் பாலம் திறந்தபின், அதே கம்பெனி வண்டி அவனை மண்டபம் முகாமுக்குக் கொண்டுபோனது. அங்கிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டம். அதுவும் மலைதான், பசுமைதான். பார்த்து மகிழ அல்ல, பாடுபட்டுத் தேய! 1948-ல் அவன் குடியுரிமை பறிபோனது. 1964 ஒப்பந்தத்துக்குப்பின் அவன் பிள்ளைகள் அதே மண்டபத்தில் வந்து இறங்கினார்கள்.

கம்பெனி 1944-ல் போய்விட்டது. ரயில் இன்று நம் வரிப்பணத்தில் ஓடுகிறது. ஆகவே கேட்கிறோம்: குற்றாலத்துக்கு விளம்பரம் செய்யுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் தறிக்காரனும் கூலிக்காரனும் ஏறப் பொதுப்பெட்டியைக் கூட்டுங்கள்! மலையழகு டிக்கெட் வாங்கக் காசுள்ளவனுக்கு மட்டும் சொந்தமா?