ஈரல் வடுவும் மூலிகைப் பொருள்களும்

மஞ்சட்காமாலை கண்டவர்க்குக் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுப்பது தமிழ்நாட்டு வழக்கம். பிழைப்பை நாடிச் சென்று மும்பையில் தாராவி, மாதுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளில் குடியேறிய தமிழரும் இதனை அறிவர். இந்நம்பிக்கை எவ்வாறு சோதிக்கப்பட்டது என்பதை மக்களுக்கு ஆலோசனை கூறும் ஊழியர்களும் ஆசிரியர்களும் தெரிந்துகொள்ளுதல் நலம்.

காமாலை தனி நோயன்று, ஓர் அறிகுறியே. அது பெரும்பாலும் தானே தணிவதால், குணமளித்தது மருந்தா இயற்கையா என்று கூறுவது எளிதன்று. ஆனால் மதுவோ, பி வகைக் காமாலைக் கிருமியோ ஈரலை நெடுங்காலம் தாக்குமாயின் நிலைமை வேறாகும். ஈரலிலுள்ள விண்மீன் வடிவ உயிரணுக்கள் இயல்பாக ஏ வைட்டமினைச் சேமித்து வைப்பவை. ஈரல் இடைவிடாது புண்படும்போது அவை தம் இயல்பு மாறிக் கொலாஜன் என்னும் நார்ப்பொருளைச் சுரக்கின்றன. அந்நார் திரண்டு வடுவாகிறது. வடு முற்றினால் ஈரல் இறுகும். வயிற்றில் நீர் கோக்கும்.

இதனைத் தடுக்கும் வழிகள் இரண்டு: நோயின் காரணத்தை நீக்குதல், நார் சுரப்பதை அடக்குதல்.

முதல் வழியில் புகழ்பெற்றது சென்னை ஆராய்ச்சி. எஸ். பி. தியாகராஜன் குழுவினர், பி வகைக் கிருமியைக் கண்டறிந்து 1976-இல் நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்குடன் சேர்ந்து, 1988-இல் ஒரு முடிவை வெளியிட்டனர். 30 நாட்கள் கீழாநெல்லி உட்கொண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் கிருமியின் அடையாளப் பொருள் மறைந்தது; போலி மருந்து பெற்ற 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. எனினும் 1990-இல் தாய்லாந்தில் நடந்த சோதனையில் இப்பயன் காணப்படவில்லை.

இரண்டாம் வழியில், ஐரோப்பிய முட்செடி ஒன்றின் விதையிலிருந்து பெறப்படும் சிலிமாரின் சோதிக்கப்பட்டது. ஆய்வுக்கூடத்தில் அது விண்மீன் அணுக்களை அடக்கியது. 1989-இல் வெளியான ஆஸ்திரியச் சோதனையில், நான்காண்டு உயிர் வாழ்ந்தோர் மருந்து பெற்றவர்களுள் 58 சதவீதம், பெறாதவர்களுள் 39 சதவீதம். ஆனால் மதுவால் ஈரல் இறுகிய 200 பேரிடம் ஸ்பெயினில் நடத்தி 1998-இல் வெளியிட்ட சோதனையில் வேறுபாடு தோன்றவில்லை. மஞ்சளிலுள்ள குர்குமின் எலிகளின் ஈரலில் நாரைக் குறைக்கின்றது. ஆயினும் மனிதக் குடல் அதனை மிகச் சிறிதளவே ஏற்கின்றது.

வடு ஆறவே ஆறாது என்பதும் சரியன்று. கிருமியை அடக்கும் டெனோபோவிர் மருந்தை ஐந்தாண்டு உட்கொண்டவர்களுள், தொடக்கத்தில் ஈரல் இறுகியிருந்த 96 பேரில் 71 பேருக்கு அந்நிலை நீங்கியதாக 2013-இல் வெளியான ஆய்வு காட்டியது. காரணம் நீங்கினால் ஈரல் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும். இந்தியாவில் 2018-இல் தொடங்கிய தேசியத் திட்டம் பரிசோதனையையும் சிகிச்சையையும் இலவசமாக அளிக்கின்றது.

எனவே ஊழியர்கள் கீழாநெல்லியை இகழ வேண்டுவதில்லை. அதை நம்பி இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதே ஆபத்து. இன்னதென்று தெரியாத சூரணங்கள் ஈரலையே கெடுக்கவும் கூடும். பிறந்த குழந்தைக்கு 24 மணி நேரத்திற்குள் பி வகைத் தடுப்பூசி போடுவது, வடுவின் ஒரு காரணத்தை முளையிலேயே கிள்ளுவதாகும்.